வாகரைக் கடலில் பாதிச் சுழியோட்டம்

ஐஸ் ஆலையின் கம்ப்ரசர் நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே ஓட ஆரம்பித்துவிட்டது. அதற்காகத்தான் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தேன். இலங்கையின் கிழக்குக் கரையில், வாழைச்சேனைப் பக்கம் மீனவர்களுக்கென்று புதிதாகக் கட்டிய ஆலை. இயந்திரம் எங்கள் ஊரில் செய்தது. பூட்டி, ஓட்டிக் காட்டி, முதல் பாளம் கெட்டியாக வெளியே வந்துவிட்டால் என் வேலை முடிந்தது. பாளம் வந்ததும் ஆலை முதலாளி அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "மாஷா அல்லாஹ், கண்ணாடி மாதிரி இரிக்கி" என்றார். ஊர் திரும்ப இன்னும் நாள் கிடந்தது. என் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு அடியில் முகமூடி, மூச்சுக் கருவி, மிதவைச் சட்டை எல்லாம் இருந்தன.

அவற்றை ஏன் சுமந்துகொண்டு வந்தேன் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் என் நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் திக்குவாய். எல்லா எழுத்திலும் திக்காது. 'க'வும் 'ந'வும்தான் பெரிய எதிரிகள். என் பெயரோ நந்தகுமார். ஆக, பெயரைச் சொல்லும்போதே மாட்டிக்கொள்வேன். எதிரே இருப்பவர் அவசரமாக நாலைந்து பெயர்களை எடுத்து நீட்டுவார். அதில் ஏதாவது ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டு நகர்ந்த நாட்களும் உண்டு. இரண்டு அலுவலகங்களில் இன்னமும் நான் நாகராஜன்.

சில வருடங்களுக்கு முன்பு புதுச்சேரியில் முதன்முதலாகக் கடலுக்கு அடியில் போனேன். அங்கே எல்லோரும் கையால்தான் பேசுகிறார்கள். கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போகலாம், விரலை வட்டமாகக் காட்டினால் நலம். என் வாக்கியத்தை யாரும் முடித்துவைக்கவில்லை. அந்த ருசி விடவில்லை. பிறகு தனியாக இறங்குவதற்கென்றே ஒரு பயிற்சி இருப்பதைத் தெரிந்துகொண்டு அதையும் முடித்தேன். துணைக்கு ஒருவர் வந்தால் இறங்குவதற்கு முன்னும் ஏறிய பின்னும் அவரோடு பேச வேண்டியிருக்கும். அதையும் மிச்சம் பிடித்தேன்.

வேலை முடிந்த அன்று மாலை ஓட்டமாவடியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். தட்டையான இரும்புக் கல்லின் மேல் இரண்டு தகடுகளால் ரொட்டியைக் கொத்தும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. வாசனை வயிற்றைப் பிசைந்தது. பரிமாறுபவர் வந்து நின்றார். 'கொத்து' என்று சொல்ல வேண்டும். "இடியப்பம்" என்றேன்.

இடியப்பமும் நன்றாகத்தான் இருந்தது. மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப்பால் சொதி, இடித்த மிளகாயும் மாசிக் கருவாடும் போட்ட சம்பல். எங்கள் ஊரில் இடியப்பத்துக்குச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும்தான். இவர்கள் அதை ஒரு சண்டைக்குத் தயார் செய்வதுபோலத் தயார் செய்கிறார்கள். பக்கத்து மேசையில் இரண்டு வியாபாரிகள் கத்தாரில் இருக்கும் ஒரு மருமகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "அவன் வரட்டும் எண்டு இவள் வீட்டுக்குக் கூரை போடாம இரிக்கா. மழை அவனக் கேட்டுட்டா வரப்போகுது?" என்றார் ஒருவர். நான் சம்பலைக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொண்டேன். மூக்கு அடைத்திருந்ததால் காரம் சரியாகத் தெரியவில்லை.

ஆலையில் பிடித்த சளி அது. வெளியே கச்சான் காற்று அனலாக வீசும். மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று; இந்தப் பருவத்தில் அது அடித்தால் கொடியில் போட்ட சட்டை நான் டீ குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். உள்ளே குளிர் அறை. நாளெல்லாம் அதற்கும் இதற்குமாக நடந்ததில் இரண்டாவது நாளே தும்மல் தொடங்கியிருந்தது.

மறுநாள் காலை நளீமைப் பார்க்கப் போனேன். ஆலைக்காரர்கள் சொல்லி அனுப்பிய ஆள். ஓட்டமாவடிக்காரர், நாற்பதைத் தொடாதவர். துபாயில் கப்பல்களின் அடிப்பாகத்தைத் தண்ணீருக்குள் இருந்து சுத்தம் செய்யும் வேலை பார்த்துவிட்டு வந்து, சொந்தமாக ஒரு ஃபைபர் படகும் காற்றுச் சிலிண்டர்களும் வாங்கி, சுற்றுலா வருபவர்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போகிறார். இங்கே அதைச் சுழியோடுவது என்கிறார்கள். எவ்வளவு அழகான சொல். எங்கள் ஊரில் அதற்கு ஆங்கிலம்தான்.

தனியாக இறங்கப் போகிறேன் என்பதை என் பயிற்சி அட்டையைக் காட்டித்தான் புரியவைத்தேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கூட ஒருத்தரும் வராமலா? நான் அப்பிடி ஆரையும் இறக்கினதில்ல."

நான் சிரித்துக்கொண்டே நின்றேன். வார்த்தை வராத இடத்தில் சிரிப்பது என் வழக்கம். பல காரியங்கள் அதிலேயே நடந்துவிடும்.

"சரி," என்றார் கடைசியில். "ஆழத்துக்கு வேணாம். வாகரைக்கு நேர ஒரு பார் இரிக்கி, அங்க போவம். நான் மேல இருந்து உங்கட குமிழியப் பாத்துக்கிட்டே வருவன்." பார் என்றால் கடலடிப் பவளப் பாறை. பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "தடிமன், காதுக்குத்து ஒண்டும் இல்லதானே?"

தடிமன் என்றால் சளி என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. 'கொஞ்சம் இருக்குங்க, ஆனால் மாத்திரை போட்டதில் இப்போது மூக்கு திறந்திருக்கிறது, காதையும் சோதித்துப் பார்த்துவிட்டேன்' என்பதுதான் உண்மையான பதில். அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலேயே ஒரு 'க' நின்றுகொண்டிருந்தது.

"இல்லைங்க" என்றேன். அது சுலபமாக வந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் வாகரைக் கரையிலிருந்து கிளம்பினோம். நளீமின் படகோட்டி வரவில்லை. மனைவிக்குப் பிள்ளைப்பேறு என்று செய்தி அனுப்பியிருந்தான். நளீமே இயந்திரத்தைப் பிடித்தார். கடல் அந்த நேரத்தில் எண்ணெய் பூசியதுபோலக் கிடந்தது. இரண்டாவது மாத்திரையையும் போட்டுக்கொண்டு, முதுகுப்பக்கமாகத் தண்ணீரில் விழுந்தேன்.

கீழே போனதும் எல்லாம் மறந்துபோனது. கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் காதில் கரகரவென்று கேட்டது. பாறையின் ஒரு பக்கம் வெளுத்துச் செத்துக் கிடந்தது. மறுபக்கம் பச்சையும் ஊதாவுமாகப் புதிதாகத் துளிர்விட்டிருந்தது. ஆமை ஒன்று என்னைப் பார்த்துவிட்டு, பொருட்படுத்தத் தகுந்தவன் இல்லை என்று முடிவுசெய்து, மேய்ச்சலைத் தொடர்ந்தது. நானும் என் பாட்டுக்கு மிதந்தேன். அவ்வளவு அமைதி எனக்குத் தரையில் கிடைப்பதில்லை.

பாறையின் முதுகைத் தாண்டுவதற்காகக் கொஞ்சம் மேலே எழும்பியபோதுதான் இடது காதுக்குள் ஏதோ கிறீச்சிட்டது. மாத்திரையின் வேகம் தணிந்து, உள்ளே காற்று அடைபட்டிருக்க வேண்டும். வலி வந்தது. அடுத்த கணம் கடல் சுழன்றது. தலை சுற்றுவது என்று சாதாரணமாகச் சொல்வோமே, அது இல்லை. பாறை, மீன், வெளிச்சம் எல்லாம் என்னைச் சுற்றி ராட்டினமாக ஓடின. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. வாந்தி வந்தது.

மூச்சுக் கருவியை வாயிலிருந்து எடுக்காமலே வாந்தி எடுக்க வேண்டும், அது அதன் வழியே வெளியே போய்விடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் சிரித்த பாடம் அது. உண்மைதான், போகிறது. சின்ன மீன்கள் ஓடிவந்து அதைத் தின்றன. நான் செத்த பவளக் கட்டி ஒன்றை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். மேலே இருப்பவருக்கு அடையாளம் காட்டும் நீளமான ஆரஞ்சு மிதவையும், அதன் நூல் சுற்றிய ரீலும் எப்போது கையிலிருந்து நழுவின என்று தெரியாது.

பயந்தேனா என்று பிறகு மனைவி கேட்டாள். பயத்தைவிட, கையால் யாரிடமாவது 'எனக்கு முடியவில்லை' என்று காட்ட வேண்டும்போல இருந்ததுதான் நினைவிருக்கிறது. அந்தச் சைகை எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். ஆமைகூடப் போய்விட்டிருந்தது.

பவளத்தில் ஒட்டியிருந்த ஒரு முள்ளெலி மாதிரியான கரும் உருண்டை மேல் கண்ணை நிறுத்தினேன். கடல் முள்ளெலிதான். அதன் முட்கள் ஒவ்வொன்றாக அசைவது தெரிய ஆரம்பித்ததும் உலகம் கொஞ்சம் நிதானப்பட்டது. இன்னும் சற்றுக் கீழே இறங்கினேன். வலி குறைந்தது. பிறகு எச்சில் விழுங்கி, தாடையை அசைத்து, நின்று, மறுபடி விழுங்கி, அங்குலம் அங்குலமாக ஏறினேன். காதுக்குள் படாரென்று ஒன்று திறந்தது. தலை தண்ணீருக்கு வெளியே வந்தது.

கச்சான் எழும்பியிருந்தது. இறங்கும்போது இருந்த கடல் இல்லை இது. வெள்ளை நுரையாகச் சிற்றலைகள். நீரோட்டம் என்னை வெகுதூரம் இழுத்துவந்திருந்தது. படகு தெரிந்தது, ஆனால் தீப்பெட்டி அளவுக்கு. கையை ஆட்டினேன். மிதவைச் சட்டையில் கட்டியிருந்த விசிலை வாயில் வைத்தேன். வைத்ததும் மறுபடி வாந்தி வந்தது. ஊதுவதற்கு மூச்சு நிற்கவில்லை.

கூப்பிட வேண்டும். நளீம் என்று கூப்பிட வேண்டும்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்குப் பழக்கமான பூட்டுதான். ஆனால் எப்போதும் அதற்கு ஒரு மாற்றுவழி இருக்கும்: வேறு சொல், சிரிப்பு, தலையாட்டல். அலை முகத்தில் அடித்தது. 'ந'வில் நின்றுகொண்டு உப்புத் தண்ணீரைக் குடித்தேன்.

அப்போது என் வாயிலிருந்து வந்தது என்ன என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

"உக்கடம், டவுன்ஹால், காந்திபுரம், கணபதி, சரவணம்பட்டேய்ய்!"

பள்ளிக்கூடத்து நாட்களில் எங்கள் ஊர் பஸ் கண்டக்டர் மாதிரிக் கூவுவேன். அந்த ராகத்தில் போனால் எந்த எழுத்தும் திக்காது. 'க'கூட வழுக்கிக்கொண்டு போகும். பெரியவனான பிறகு விட்டுவிட்டேன். எந்த மூலையிலிருந்து அது எழுந்து வந்ததோ, வங்காள விரிகுடாவில் மிதந்துகொண்டு முழுத் தொண்டையில் கூவினேன். ஒரு தடவை, இரண்டு தடவை. சரவணம்பட்டியை அடையும்போதெல்லாம் குரல் நீண்டு போனது.

படகிலிருந்து பதில் இல்லை. பின்னால் இருந்து வந்தது.

"என்ன தம்பி யாவாரம்? கடலுக்க ஆருகா வாங்குவான்?"

திரும்பினால் ஒரு சின்னத் தோணி. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தனியாக வலை விட்டுக்கொண்டிருந்தார். நான் ஏதோ விற்பதாக நினைத்திருக்கிறார். என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. கையிலிருந்த வலைக் கயிற்றை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு இயந்திரத்தை முடுக்கினார்.

"பதறாத. இதப் பிடி. அந்தச் சிலிண்டரக் கழட்டு மனே, நான் இழுக்கிறன்."

என்னைத் தோணிக்குள் சுருட்டிப் போட்டார். அவர் பெயர் யோகராசா, கதிரவெளிக்காரர் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்ததெல்லாம், தோணிக்குள் மீன் செதில் ஒட்டிய பலகையும், அது சுழலாமல் நிற்க வேண்டும் என்ற என் ஒரே ஆசையும்தான். நளீமின் படகைக் கை காட்டினேன்.

படகு நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. "இஞ்ச ஒருத்தரையும் காணல்லயே," என்றார் யோகராசா.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு சிலிண்டர்கள் ஏற்றி வந்திருந்தோம். ஒன்று என்னோடு வந்தது. மற்றதையும் காணோம். நளீமின் காற்சட்டையும் செருப்பும் பலகையில் கிடந்தன.

அலை எழும்பியதும் என் குமிழிகள் அவருக்குத் தெரியாமல் போயிருக்கின்றன. பார்த்திருந்து பார்த்திருந்து, படகைக் கட்டிவிட்டு, என்னைத் தேடி அவரே இறங்கியிருக்கிறார். மேலே யாரும் இல்லை. அவர் குமிழியைப் பார்க்க ஒருவரும் இல்லை. தனியாக இறங்க வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான். இப்போது தனியாக அடியில் இருப்பவர் அவர்.

"அவர் கீ… கீ…" என்று தண்ணீரைக் காட்டினேன். யோகராசாவுக்குப் புரிந்தது.

"மறுகா என்ன செய்யிற?"

படகில் ஏறித் தவழ்ந்துபோய்க் கருவிப் பெட்டியைத் திறந்தேன். பெரிய ஸ்பேனரை எடுத்து, தண்ணீருக்குள் தொங்கிய இரும்பு ஏணியில் ஓங்கி அடித்தேன். தண்ணீருக்குள் சத்தம் நன்றாகப் போகும். டங், டங், டங். கொஞ்சம் நிறுத்தி மறுபடியும். ஒவ்வொரு அடிக்கும் என் இடது காது வெடித்தது. யோகராசா தோணியின் விளிம்பில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். முருகனையோ யாரையோ முணுமுணுத்துக் கூப்பிட்டார்.

"அங்க!" என்றார். குமிழிகள் ஏணியை நோக்கி வந்தன.

நளீம் மேலே வந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு முகமூடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். அவருடைய இன்னொரு கையில் என் ரீல் இருந்தது.

"இதக் கண்டன்," என்றார் பிறகு. "இது மட்டும் பவளத்துக்க கிடந்திச்சு. ஆளக் காணல்ல. நான் என்னத்த நினைக்கிற, சொல்லுங்க? உங்கட வீட்டாளுகளுக்கு என்னத்தப் போய்ச் சொல்ற?"

ஏறி உட்கார்ந்து, முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது கடல் தண்ணீர் மட்டும் இல்லை. அதன் பிறகுதான் கோபம் வந்தது.

"தடிமன் இரிக்கா எண்டு கேட்டனே! கேட்டனா இல்லயா?"

சிரிக்க முடியவில்லை. தலையாட்டினால் போதாது. "இருந்ததுங்க" என்று ஆரம்பித்தேன். பிறகு முழுவதையும் சொன்னேன். சளி பிடித்தது, மாத்திரை போட்டது, அவர் கேட்டபோது உண்மையைச் சொல்ல வராமல் சுலபமாக வந்ததைச் சொன்னது. ஒவ்வொரு சொல்லிலும் இடறினேன். நடுவில் ஒரு தடவை வாந்தியும் எடுத்தேன். அந்த இரண்டு பேரும், ஒருவர் படகிலும் ஒருவர் தோணியிலுமாக, காற்றுக்கு எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் என் சொல்லை எடுத்து முடிக்கவில்லை. எனக்கு ஞாபகம் தெரிந்து நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாக இருக்கலாம்.

முடித்ததும் நளீம் பெருமூச்சு விட்டார். "இத முந்தியே சொல்லியிருந்தா நான் இருந்து கேட்டிருப்பன்தானே."

யோகராசா அப்போதுதான் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஐயோ, என்ட வலை!" என்றார். அவர் விட்டுவந்த வலை நீரோட்டத்தில் போய்ப் பாரில் எங்கேயோ சிக்கிவிட்டிருந்தது. மேலே கட்டிய மிதப்புக் கட்டைகள்கூடத் தெரியவில்லை.

கரையிலிருந்து ஆசுபத்திரிக்குப் போன கதை தனி. நளீமின் வேன் கச்சான் வெக்கையில் தண்ணீர் கொதித்து, புகைந்து, நடுவழியில் நின்றுவிட்டது. அந்த வழியாக வந்த லேண்ட்மாஸ்டரில் என்னை ஏற்றினார்கள். இரண்டு சக்கர உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு பெட்டியைக் கட்டிய வண்டி அது. தலை சுற்றுபவனை ஏற்றுவதற்கு அதைவிட மோசமான வாகனத்தை மனிதன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. வழியில் எருமைக் கூட்டம் ஒன்று வேறு தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. ஓட்டியவர் திரும்பி, "ஆள் இரிக்காரா, போயிட்டாரா?" என்று கேட்டார். "இரிக்கார், இரிக்கார்" என்றார் நளீம், என் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு.

வாகரையில் ஊசி போட்டு, காது டாக்டரைப் பார்க்க மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் ஒரு பெண் டாக்டர். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"செவிப்பறை வீங்கிச் சிவந்திருக்கு. நல்ல காலம், ஓட்டை விழயில்ல. ஆறிடும். ஆனா, வீக்கம் இறங்குமட்டும் பிளேன்ல ஏற வேணாம். தலையத் தண்ணிக்குள்ள விடவே வேணாம்."

"மறுபடி எப்போதாவது…" என்று கேட்டு, அடுத்த சொல்லில் நின்றுவிட்டேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். வெளியே வரிசை நீண்டு கிடந்தது. "…குதிக்கலாமா?" என்று முடித்தேன்.

"குதிக்கலாம். தடிமன் இல்லாத நேரமா," என்றார். முதல் தடவையாகச் சிரித்தார்.

நான் தங்கியிருந்த விடுதி அறைக்குப் போக நளீம் விடவில்லை. "ரூமுக்க தனியக் கிடந்து தலை சுத்தி விழுந்தா ஆரு தூக்குற?" என்று தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டார். அவர் மனைவி ஹசீனா எனக்கு முன் அறையில் பாய் விரித்து, தலைக்கு உயரமாக இரண்டு தலையணை வைத்துக் கொடுத்தார். முதல் நாள் கஞ்சி. அடுத்த நாள் முருங்கையிலை போட்ட கஞ்சி. மூன்றாம் நாள் தலை நின்றதும் சோறும் இறால் ஆணமும். ஆணம் என்றால் குழம்பு. கோயம்புத்தூரில் நாங்கள் குழம்பு என்று வைப்பதை அந்த ஆணத்துக்குப் பக்கத்தில் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. கிணற்றுத் தண்ணீர் மட்டும் கொஞ்சம் உவர்ப்பு. சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேச வாயெடுத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டேன்.

ஹசீனா நேராகவே கேட்டார். "அண்ணன், உங்களுக்குப் பேச்சுத் திக்குமா?"

ஊரில் இப்படி யாரும் கேட்க மாட்டார்கள். தெரியாததுபோல இருந்து, வாக்கியத்தை மட்டும் பறித்துக்கொள்வார்கள். "ஆமாங்க," என்றேன்.

"என்ட சாச்சாக்கும் அப்பிடித்தான். மீன் ஏலம் விடுறவர். ஏலத்துல நிண்டா ஒரு சொல்லு திக்காது. வீட்டுக்கு வந்து தண்ணி கேக்கத்தான் கஷ்டம்." சாச்சா என்றால் சித்தப்பா. பிறகு சொன்னார்: "அதுக்கென்ன? நாங்க இருந்து கேக்கிறதானே."

அன்று மாலை மனைவிக்குப் போன் செய்தேன். வெளியூரில் இருந்தால் செய்தி அனுப்புவதோடு சரி. போனில் என் மௌனம் தொடர்பு அறுந்ததுபோலவே இருக்கும் என்பதால் தவிர்த்துவிடுவேன். இப்போது, எல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. நான் நின்ற இடங்களில் எல்லாம் கோமதி, "இருக்கேங்க, சொல்லுங்க" என்றாள். பஸ் கண்டக்டர் கதைக்கு வந்தபோது அழுதுகொண்டே சிரித்தாள்.

வாரக் கடைசியில் மறுபடி காதைக் காட்டினேன். வீக்கம் பெரும்பாலும் இறங்கிவிட்டது, இன்னும் இரண்டொரு நாளில் விமானம் ஏறலாம் என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியில் நளீமிடம் கேட்டேன்: "யோகராசா அண்ணனோட வலை எ… என்னாச்சுங்க?"

"கச்சான் தணியட்டும் எண்டு பாத்துக்கிட்டிருந்தன். நாளைக்கு இறங்கிக் கழட்டிக் குடுப்பம் எண்டிருக்கன்." வேனின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சொன்னார்: "படகோட்டி இன்னும் பிள்ளையத் தூக்கிக்கிட்டுத்தான் இரிக்கான். மேல நிக்க ஆள் வேணும்."

"நான் வரேங்க," என்றேன். ஒரு எழுத்தும் இடறவில்லை, இடறியிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

மறுநாள் நாங்கள் மூன்று பேரும் நளீமின் படகில் போனோம். யோகராசா இயந்திரத்தைப் பிடித்தார். கடல் சாந்தமாக இருந்தாலும் தூரத்தில் காற்றின் கோடு கருப்பாகத் தெரிந்தது. நளீம் உபகரணங்களை மாட்டிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தார். கத்தியைத் தொடையில் கட்டியிருந்தார்.

"நீங்க மேல இரிக்கிறதாலதான் இறங்குறன்," என்றார் என்னிடம். விரலை வட்டமாகக் காட்டினார். நானும் காட்டினேன். முதுகுப்பக்கமாக விழுந்தார்.

இத்தனை வருடம் அடியில் இருந்திருக்கிறேன்; மேலே நின்று பார்த்ததில்லை. குமிழிகள் முதலில் கொத்தாக வந்தன. பிறகு பிரிந்து, ஒரு மூச்சுக்கு ஒரு கைப்பிடி என்று வந்தன. அலை ஒன்று குறுக்கே வந்தால் மறைந்துவிடும். எங்கே வந்ததோ அந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தால், கொஞ்சம் தள்ளி மறுபடி வரும். கண்ணில் வெயில் குத்தி நீர் வழிந்தது. துடைக்கவில்லை. துடைக்கும் நேரத்தில் ஒரு மூச்சைத் தவறவிட்டுவிட்டால் என்ன செய்வது என்று இருந்தது. அன்றைக்கு நளீமுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதும் அப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது.

பாரின் தெற்கு மூலையில் குமிழிகள் நெடுநேரம் ஒரே இடத்தில் வந்தன. வலையை அறுக்காமல் கழற்றுகிறார் என்று தெரிந்தது. பிறகு மிதப்புக் கட்டை ஒன்று துள்ளிக்கொண்டு மேலே வந்தது. அதன் பின்னாலே இன்னொன்று. யோகராசா ஒரு சத்தம் போட்டார். கயிற்றைக் கொக்கியால் இழுத்துச் சேர்த்துக்கொண்டார். வலையில் கிழிசல் இருந்தது. தைத்துவிடலாம் என்றார்.

அந்த நேரத்தில் காற்று வந்து சேர்ந்தது. கடல் முழுக்கச் சிற்றலைகள் எழும்பின. யோகராசா வலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"தம்பி, மனுசன் எங்க?"

நான் கையை நீட்டினேன். அது போதும்தான். ஆனாலும் சொன்னேன்.

"அதோ, அந்த வெ… வெளுத்த இடத்துக்கு இ… இடப்பக்கம். கி…" இங்கே நின்றது. அவர் கயிற்றைப் பிடித்தபடியே காத்திருந்தார். "கிட்டத்தான். இப்பத் திரும்பி நம்ம பக்கமா வந்துட்டிருக்காருங்க."

யோகராசா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நான் காட்டிய திசையைப் பார்த்தார். அலைகளுக்கு நடுவே ஒரு கைப்பிடிக் குமிழி வந்து உடைந்தது. கொஞ்சம் கிட்டத்தில் இன்னொன்று.

"ஓம்," என்றார். "கண்டன்."